விசேஷம் இல்லாத வீடு

எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று அம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்தான். எங்களுடையது கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் ஊர் மழையோ வேண்டாத விருந்தாளி மாதிரி, வந்தால் போகாது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் ஒரு பிள்ளையை வருஷக்கணக்கில் வெளியில் வைத்துப் படிக்க வைப்பது எப்படி என்று அம்மா கேட்டார்.

பதில் டவுனில் இருந்தது. தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், கல்யாணம் செய்யாதவர், ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். தோட்டத்துச் சனங்களுக்குத் தமிழில் பேச அந்தக் கந்தோரில் அவரை விட்டால் ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதனால் எங்களுக்கு அவர் தபாலம்மா. செய்தி கேள்விப்பட்டு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டனுப்பினார்.

"காசுக்கு யோசிச்சுப் படிப்பை விட்டுப்போடாதேங்கோ. மாசாமாசம் நான் அனுப்புறன்," என்றார். அவ்வளவுதான். எழுதுகிற கொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டு அதன் ஒரு மூலையைத் தானும் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிற கொடைவள்ளல்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறோம். இந்த அம்மா எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டதோடு சரி.

விடுதிச் சாப்பாடு, புத்தகம், பிறகு ஆய்வுக்காகத் தோட்டம் தோட்டமாக அலைந்த பஸ் செலவு எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவைதான். நான் படித்தவள் என்று இன்று யாராவது சொன்னால் அதில் பாதி அவருடைய பென்ஷன்.

ஆனால் அம்மாவுக்கு இது உதவி இல்லை, மொய். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தர் நம் வீட்டுச் சடங்குக்கு மொய் செய்தால், அவர் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும். சும்மா ஒரு நாளில் கொண்டுபோய் நீட்டக்கூடாது. உன் உறவே வேண்டாம் என்று முகத்தில் எறிந்த மாதிரி ஆகிவிடும். திருப்பிச் செய்யாமல் அதே வீட்டில் இரண்டாம் தரம் கை நீட்டுவதோ அதைவிடக் கேவலம். பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர, இதில் தவற மாட்டார்கள். தபாலம்மா வீட்டிலோ கல்யாணம் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை, காதுகுத்து இல்லை. என்ன விசேஷத்துக்கு அம்மா திருப்பிச் செய்வது?

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கு ஈரப்பலாவோ பலாப்பழமோ தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். "அம்மே, கொஸ் கெடியட்டத் டிக்கட் கன்ன ஓன," என்று கண்டக்டர் பழத்துக்கும் டிக்கெட் கேட்டுக் கிண்டல் பண்ணுவான். "அது மடியில குந்திக்கிட்டு வரும், அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்று அம்மா சிங்களத்திலேயே திருப்பிக் கொடுப்பார். பழத்தைக் கண்டதும் தபாலம்மா தலையில் கை வைப்பார்.

"உதென்ன, நான் தனி மனுசியெல்லோ? இவ்வளவையும் ஆர் தின்னுறது?"

"சும்மா வாங்குனா ஒட்டாதுங்க," என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார். தபாலம்மா பிடுங்கப் பார்ப்பார். முடியாது, பால் வெட்டுகிற கை.

அந்த ஞாயிறுகளில் அம்மாவோடு போனவள் என் தங்கை. எனக்குப் படிப்பு முட்டி மோதி வந்தது. அவளுக்குப் பாட்டு மூச்சு மாதிரி வந்தது. ஒரு நாள் தபாலம்மா வீட்டுக் கிணற்றடியில் அவள் தேவாரம் ஒன்றைப் பாடிக்கொண்டு வாளி இறைத்திருக்கிறாள். உள்ளேயிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம்.

"ஆரிட்டப் பழகினனி?"

"ரேடியோவுலங்க."

தங்கை ஓஎல் பரீட்சை பாஸானதும் தபாலம்மா தானாகவே பேச்செடுத்தார். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏஎல்லை நான் படித்த டவுன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் கிடையாது. சங்கீதத்தோடு ஏஎல் படிக்க இரத்தினபுரிக்குத்தான் போக வேண்டும், போர்டிங்கில் இருக்க வேண்டும். செலவு முழுதும் தன்னுடையது, பிறகு சங்கீதத்துக்கே பல்கலைக்கழகம் போகட்டும் என்றார்.

அம்மா வேண்டாம் என்றார். "பெரியவளுக்கு நீங்க செஞ்சதுக்கே இன்னும் நாங்க ஒண்ணும் செய்யலைங்க. அதச் செஞ்சுட்டுத்தாங்க சின்னவளுக்கு."

தபாலம்மாவுக்கு இது எப்படிப் புரியும்? பிள்ளை மாதிரி நினைத்துக் கொடுத்ததைக் கடனாக எண்ணி வைத்திருக்கிறார்களே என்று முகம் கறுத்துவிட்டது. "அப்ப உங்கட விருப்பம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, அம்மாவும் விளக்கவில்லை. இரண்டு பேருக்குமே மானம் பெரிது. நடுவில் நசுங்கியது ஒரு பிள்ளையின் தொண்டை.

நான் லீவில் வீட்டுக்கு வந்தபோது தங்கை தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து பால்கத்தியோடு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அம்மாவிடம் கத்தினேன். "ஒனக்கென்ன, படிச்சவ. மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் அம்மா. விழுந்தடித்துக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். தபாலம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"பள்ளிக்கூடம் துவங்கிட்டுது. அந்தக் காசில குருவிட்டப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு படிக்கப் போயிட்டுது. அதை நிப்பாட்ட ஏலுமே?" என்றவர், "உங்கட அம்மாவுக்கு நான் என்ன கடனே குடுத்தனான்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. மொய்யைப் பற்றி விளக்கிச் சொன்னேன். கேட்டு முடிந்ததும், "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றும் சொன்னார். அடுத்த வருஷத்துக்குள் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள்.

வருஷங்கள் கழித்து, யுத்தத்தால் வடக்குப் பாதை பூட்டியிருந்த ஒரு மழைக்காலத்தில் தபாலம்மா இறந்துபோனார். நான் அப்போது கண்டியில் வேலையில் இருந்தேன். வந்து பார்த்தால், யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தம் யாரும் வர முடியாமல், நாலைந்து கந்தோர்க்காரர்களும் அக்கம்பக்கத்துச் சிங்களக் குடும்பங்களும்தான் நின்றார்கள். அம்மா தங்கையையும் கூட்டிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் புதுச் சேலை, நல்ல விலைச் சேலை. பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடியை அம்மாதான் போர்த்தினார். தேவாரம் பாட ஆள் இல்லை என்றதும் தங்கை பாடினாள். மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் போனது. நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பாடி முடிந்ததும் ஒரு வயதான கிளார்க் அவளிடம் கேட்டார்: "பிள்ளை எந்த இடத்தில சங்கீதம் படிச்சனீர்?"

"படிக்கலைங்க. பால் வெட்டுறேன்."

அம்மா பக்கத்தில்தான் நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் இருந்தோம். அம்மா மெல்லச் சொன்னார்.

"கோடி போட்டாச்சு. செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. இப்ப அவங்க கேட்டா, சின்னவள அனுப்புறேன்னு சொல்லிருவேன்."

தங்கை அம்மாவின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இனிமே கேக்க மாட்டாங்கம்மா," என்றாள்.