தோட்டாப் பெட்டியின் பக்கவாட்டு எழுத்து

கோல்டிங் நகருக்கு வெளியே இருந்த காளான் பண்ணையை விட்டு ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது அண்ணையின் அழைப்பு வந்தது. பண்ணையில் வேலை முடிந்திருந்தது. அதோடு அவர்கள் தந்த அறையும் போய்விட்டது. அண்ணை சொந்தக்காரர் அல்ல. முன்பு மீன் தொழிற்சாலையில் என்னோடு வேலைக்கு நின்றவர். இப்போது ஹோர்சன்ஸ் நகரில் கைத்துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு கழகத்தில் துப்புரவு வேலை.

"என்ர வேலை காலியாகுது. வாறியோ?" என்றார்.

ஏன் விடுகிறார் என்பதை ஹோர்சன்ஸில் இறங்கிய பிறகுதான் சொன்னார்.

"ரத்தத்தில ஈயம் கூடிப்போச்சுதாம். டொக்டர் மறிச்சிட்டார்."

"அப்ப என்னைப் பிடிச்சு அதுக்குள்ள தள்ளுறியளோ, அண்ணை?"

"நீ புதுசுதானே. உன்ர ரத்தத்தில நிரம்பக் கொஞ்சக் காலம் எடுக்கும்."

அவர் சிரித்தார். எனக்கு வேறு வேலை இல்லை. அவர் வீட்டு சோபாவைத் தவிர வேறு படுக்கையும் இல்லை.

கழகம் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. சுடுபவர்கள் போனதும் உள்ளே போனோம். காகிதக் குப்பையில் வெறும் தோட்டாப் பெட்டிகள் கிடந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் எழுத்து எதில் இருந்தாலும் வாசிக்காமல் விடமாட்டேன். பத்துப் பெட்டிகளை எடுத்து மேசையில் பரப்பினேன்.

முன்பக்கத்தில் எல்லாம் ஒரே விதம்: குழலின் அளவு, குண்டின் எடை, எத்தனை தோட்டா. நிறத்தை நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் நீலம் சின்னத் தோட்டா, இன்னொன்றின் நீலம் பெரியது. அறியவேண்டியது பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது. சின்னத் தோட்டாவுக்கு வெறும் ஈயக் குண்டு. ஒன்பது மில்லிமீற்றரில் இரண்டு வகை. ஒன்றில் 'முழு உலோக உறை', மற்றதில் 'முற்றாக மூடிய உறை, ஈயமற்ற பற்றுமருந்து'. முழுதும் மூடியதை இன்னும் எப்படி மூடுவது?

வரவேற்பு மேசையில் இருந்த கழகத்துப் பெண்மணியிடம் கேட்டேன். முதல் வகையில் குண்டின் அடிப்பக்கம் திறந்திருக்குமாம். சுடும்போது அந்த ஈயம் சூட்டில் கொஞ்சம் புகையாகப் போகும். பற்றவைக்கும் மருந்திலும் ஈயம் உண்டு. இரண்டாவது விலை கூட. செவ்வாய்க்கிழமைக்காரர் அதை வாங்குவதில்லை என்றார். அந்த ஈயத் தூசி தரையில் படியும், அதற்குத்தான் விசேட வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சி தந்திருக்கிறோம் என்று அலமாரியைக் காட்டினார்.

உறிஞ்சியின் வயர், வாங்கியபோது கட்டியிருந்த கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் தமிழ்க் கடையில் வாங்கிய ஒரு தும்புத்தடி.

"நீங்கள் இதாலயோ கூட்டினனீங்கள்?"

"உந்த மெசின் மூலைக்குப் போகாதடா," என்றார் அண்ணை. "கூட்டினா ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது."

யன்னல் இல்லாத அறையில் இரண்டு வருடமாக அவர் தூசியைக் கிளப்பிக் கிளப்பிச் சுத்தம் செய்திருக்கிறார். நாங்கள் தமிழில் பேசியதைப் பெண்மணிக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் தும்புத்தடியைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார்.

மறுநாள் காலை போய் வேலையை எடுத்துக்கொண்டேன். முகமூடி வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும் என்றேன். பெண்மணி இரண்டையும் எழுதிக்கொண்டார். தரை முழுவதையும் உறிஞ்சி முடிக்க மூன்று மணித்தியாலம் பிடித்தது. அண்ணை தும்புத்தடியால் அதை அரை மணியில் முடிப்பார்.