சிவப்புப் பொட்டு வைத்த தகடு

என் கிடார் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு கிடக்கிறது. இயந்திர பாகங்களின் இடுக்கில் நுழைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜிலிருந்து கழற்றியது. நுனியில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு விழுந்தால் எங்கள் ஆலையில் அந்தப் பொருள் ரிஜெக்ட். வைத்தவர் இன்ஸ்பெக்ஷன் மேடம்.

எண்பதுகளின் கடைசியில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். நாள் முழுக்க இடி இடிக்கும். பக்கத்தில் நிற்பவனிடம் சைகையில்தான் பேச்சு. அங்கே பழைய ஆட்கள் பலருக்குக் காது மந்தம். ஆயுத பூஜை விழாவில் ஊழியர்களின் மெல்லிசைக் குழுவில் வாசிக்கப் பெங்களூரில் ஒரு பழைய எலக்ட்ரிக் கிடார் வாங்கினேன். மத்திகிரி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் பிக்அப்பின் ஸ்க்ரூக்கள் பாதியில் நின்றன. லூசான ஸ்க்ரூவைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கடைசி மரை வரை முடுக்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எவ்வளவு சுருதி சேர்த்தாலும் தடித்த கம்பிகளில் ஒரு சுரம் இரண்டாகப் பிரிந்து அலைந்தது. கிடாரைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. என் காது போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒத்திகையில் வால்யூமைக் குறைத்து ஒப்பேற்றினேன். யாரிடமும் கேட்கப் பயம். 'எங்களுக்குச் சரியாகத்தானே கேட்கிறது' என்று சொல்லிவிட்டால்? வீட்டில் மனைவி இரண்டாம் முறை கூப்பிட்டுவிடக் கூடாதென்று முதல் குரலுக்கே பதறி ஓடுவேன்.

ஒரு மதியம் கேன்டீன் மூலையில் தனியாக மீட்டிக்கொண்டிருந்தேன். டிபன் டப்பாவோடு போன மேடம் நின்றார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, ஷாப்பில் தமிழ், சங்கீதம் சுத்தமாகத் தெரியாது.

"என்னாணா இது, சத்தம் இப்டி ஆடுது?"

"உங்களுக்கும் கேக்குதா மேடம்?"

"அய்யோ, கேக்காம? பல்லு கூசுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அந்தாண்ட நின்னு நான் மெதுவா ரிஜெக்ட்னு சொன்னாக்கூடச் சண்டைக்கு வர்றீங்க. உங்களுக்கா காது போச்சு?"

கோட்டுப் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்து ஒரு தகட்டைக் கம்பிக்கு அடியில் நுழைத்தார். அது தக்கென்று பிக்அப்பில் ஒட்டிக்கொண்டது.

"மேக்னட்டுணா! கம்பியும் இரும்பு. இவ்ளோ கிட்ட வச்சா இழுக்காதா? அடியில ஸ்ப்ரிங் வேற இருக்கு பாருங்க. ஸ்ப்ரிங் வச்சிருந்தா ஏத்தி எறக்கத்தான். ஸ்க்ரூவ முடுக்குனா இது மேல ஏறுது. எவன் இப்டி முடுக்குனது?"

நான் குனிந்து கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவர் அரைத் திருகு தளர்த்துவார், நான் மீட்டுவேன், மறுபடி அரைத் திருகு. தடித்த கம்பிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இறக்கினோம். ஒரு கட்டத்தில் அலைச்சல் நின்று சுரம் ஒன்றாகக் கேட்டது. அப்பாடா! மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. தகட்டில் காந்தம் ஏறிவிட்டதாம், இனி அளக்க ஆகாதாம். பொட்டு வைத்து, "இதுவும் உங்களால ரிஜெக்ட்டு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது வயதாகிவிட்டது, வலது காது நிஜமாகவே கொஞ்சம் மந்தம்தான். கிடாரைத் துடைத்து, தகட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுக்களையிலிருந்து மனைவி ஏதோ சொல்கிறாள்.

"கேக்கல," என்கிறேன் சத்தமாக. "இன்னொரு தரம் சொல்லு."