மெரேயானாவின் மானுகா மலை

பராதேனேயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. என் தங்கை மெரேயானாவின் புருஷன் அவன். போருக்குப் போய் ஒரு காதைத் தொலைத்துவிட்டு வந்த கையோடு அவளைப் பெண் கேட்டான். மானுகா வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லித் தொலைக்கிறேன். ஆளுயரப் புதராக இருந்தாலும் நீளக் கைப்பிடி அரிவாளால் ஒரே வீச்சு. வெள்ளைப் பூவோடு சாய்ந்துவிடும்.

நான் ஹாகரையா. வெட்டுக்காரர் ஏழு பேருக்குத் தலைவன். வெள்ளைக்காரப் பண்ணைகளில் ஆடு மேயப் புல் வேண்டும், அதற்கு மானுகாவை வெட்டுவோம். நாலு வருஷத்தில் அது மறுபடி மண்டிவிடும், மறுபடி எங்களைக் கூப்பிடுவார்கள். சனியன் பிடித்த புதர் என்று துரைமார் திட்டத் திட்ட எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் கில்லெஸ்பி துரை தெற்கிலிருந்து நாலு சாக்கு மானுகாக் கிளை வரவழைத்தார். கரி பூசினாற்போல் எல்லாம் கறுப்பு. தண்டோடு ஒட்டிக்கிடந்து சாற்றை உறிஞ்சும் பூச்சியாம். "புதருக்குப் புதர் இதைக் கட்டிவிடு. மூணு வருஷத்துல மலையே செத்துடும்" என்றார். முடியாது என்று நான் வந்துவிட்டேன். பராதேனே தலையாட்டினான். வருஷம் முழுக்க வேலி கட்டும் வேலை தருவதாக அவனுக்கு ஆசை காட்டியிருந்தார்.

"ஏன் மாப்ளே, ஏழு பேர் சோத்துல மண்ணள்ளிப் போடுறியே, கூசல?" என்று கேட்டேன்.

"நான் கட்டலேன்னா இன்னொருத்தன் கட்டுவான் மச்சான். நீயும் வாயேன். உன் இடக்கை முடிச்சப் போட்டா எவனாலயும் அவிழ்க்க முடியாது" என்று பல்லைக் காட்டினான். நான் இடக்கைக்காரன். நார் முடிந்தால் எல்லாருக்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். கூட்டத்துக்கே அது கேலி.

பயந்தது மெரேயானாதான். ஆற்றுக்கு இக்கரையில், அவள் வீட்டுக்கு நேர் மேலே, அம்மா அவள் பேருக்கு விட்டுப்போன மலை. மூத்தவன் நான் இருக்க, எனக்கில்லை, அவளுக்கு. அது முழுக்க மானுகா. விறகு அதில்தான், விலாங்கு மீனைப் புகை போடுவது அதில்தான். மழைக்காலத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அதன் வேர்தான்.

"என் மலையில ஒரே ஒரு கிளை கறுத்துச்சுன்னா, அப்புறம் நீ யாரோ நான் யாரோ" என்றாள் அவனிடம்.

"ஆத்தைத் தாண்டி வர அந்தப் பூச்சிக்கு நீச்சலா தெரியும்? என் உசிரு மேல ஆணை புள்ள. உன் மலைக்கு ஒண்ணும் வராது."

அந்த ஆணைதான் என்னை உறுத்தியது. மறு வருஷமே துரையின் மலை கருகத் தொடங்கியது. எங்கள் ஏழு பேருக்கும் வேலை போயிற்று. அவன் மட்டும் புது பூட்ஸ் போட்டு வேலி கட்டினான். ஒரு விடியற்காலை ஆற்றைக் கடந்து போய், கறுத்த கிளை மூன்றை ஒடித்து வந்து தங்கையின் மலையில் மூன்று புதரில் நாரால் கட்டினேன். ஆமாம், நான்தான். அவன் முகத்தில் கரி பூச வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அவள் வீட்டை நினைக்கவே இல்லை.

அடுத்த கோடையில் அந்த மலை பூக்கவில்லை. காற்றில் வந்திருக்கும் என்று ஊர் சொன்னது. மெரேயானா அவனோடு பேச்சை நிறுத்தினாள். தட்டை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் தினமும் வாளியில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக மலையேறி, ஒவ்வொரு தண்டாகத் தேய்த்தான். இருபது ஏக்கர் மலையை ஒரு மனிதன் பல் விளக்குவதுபோலத் தேய்த்தான்!

"என்ன மாப்ளே, இன்னைக்குத் தலைக்குக் குளிப்பாட்டியாச்சா?" என்று கீழிருந்து கத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த தண்டைத் தேய்க்கப் போவான்.

மூன்றாம் வருஷ மழையில் மலை சரிந்து, அவள் சர்க்கரைவள்ளித் தோட்டத்தையும் பாதி வீட்டையும் கொண்டுபோயிற்று. அந்த மழையிலும் அவன் மேலேதான் நின்றிருந்தான். சளி நெஞ்சில் கட்டி எட்டு நாளில் செத்தான். எட்டு நாளும் அவள் பேசவில்லை.

எங்கள் ஊரில் பிணத்தை மூன்று நாள் சபை நடுவில் வைத்து, முகத்துக்கு நேரே பேசுவோம். புகழலாம், திட்டவும் செய்யலாம். பேசி முடித்ததும் பேசினவனுக்காக அவன் வீட்டுப் பெண்கள் எழுந்து பாட வேண்டும், பாடாவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது. மூன்றாம் நாள் நான் கைத்தடியோடு எழுந்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. ஆனால் சனம் பார்த்துக்கொண்டிருந்ததே!

"அடேய் பராதேனே! உசிரு மேல ஆணை வெச்சியே, இப்ப உசிரு எங்கடா? என் தங்கச்சி மலையத் தின்னே, வீட்டத் தின்னே. போ, போய் எங்கம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறியோ பாக்குறேன்!"

சனம் உச்சுக்கொட்டியது. பாட்டுக்காக என் பெண்டாட்டியும் சித்திகளும் எழுந்தார்கள். சவப்பெட்டியின் பக்கத்தில் இருந்த மெரேயானா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டுண்ணே. கேக்க நல்லாருக்கு." அவள் மடியிலிருந்து எதையோ எடுத்து என் காலடியில் போட்டாள். காய்ந்த கறுத்த குச்சி ஒன்று, அதில் நார் முடிச்சு. "அவரு கோட்டுப் பையில இருந்துச்சு. அண்ணன் உறவு எனக்கு அத்துப்போகக் கூடாதுன்னு வாயத் தெறக்காமலே போயிட்டாரு. இப்ப எனக்கு அவரும் இல்ல. நீயே எல்லாருக்கும் சொல்லுண்ணே, அந்த முடிச்சு எந்தக் கை போட்டது?"

சித்திகள் குனிந்து முடிச்சைப் பார்த்தார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள். இன்னொருத்தி உட்கார்ந்தாள். கடைசியாக என் பெண்டாட்டியும் உட்கார்ந்தாள். பாட்டுக்காக நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.