டயாலிசிஸ் வார்டில் ஒரு டிராகன்

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்த பிறகு, எங்கள் வாழ்க்கை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை பார்ப்பேன். மறுநாள் ராசிபுரத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு மருத்துவமனை மாடியில் அவள் மதியம் முழுக்கப் படுத்திருப்பாள். ரத்தம் குழாய் வழியே வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வரும். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். பட்டறை நாளா, ஆஸ்பத்திரி நாளா, எது அதிகக் களைப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உடம்பு கெடுவதற்கு முன் அவள் பட்டுச் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா படுத்திருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. பெங்களூரில் வேலையில் இருக்கும் அவளுடைய தம்பி, கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றையும், டிராகன் விளையாட்டு ஒன்றின் மூன்று பாகங்களையும் கொண்டுவந்து கொடுத்தான். "பறக்கலாம், நெருப்புக் கக்கலாம், ஜாலியா பொழுது போகும்க்கா" என்றான். முதல் பாகத்தில் கால்வாசிகூட அவன் ஆடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊசி குத்திய இடது கையை அவள் அசைக்கக் கூடாது. நல்லவேளையாக அந்தப் பெட்டியின் இரண்டு கைப்பிடிகளையும் தனித்தனியாகக் கழற்ற முடிந்தது. வாள் வீசுவது, எடுப்பது, பேசுவது எல்லாம் வலது கைப்பிடி; அதை அவள் வைத்துக்கொண்டாள். நடப்பது மட்டும் இடது கைப்பிடி; அதை என்னிடம் கொடுத்தாள். இப்படித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் நான் வீடியோ கேம் ஆட வந்தேன்.

"செவுத்துல முட்டறீங்க."

"அது தானா போவுது, நான் என்ன பண்ணட்டும்?"

"அது போவலைங்க. நீங்கதான் தள்றீங்க."

கதை தம்பி சொன்னதுபோல் இல்லை. எரிந்துபோன ஊரில் தனியாக மிஞ்சிய ஒரு பெண்ணுக்கு ஒரு டிராகன் குட்டி கிடைக்கிறது. வளர்க்கிறாள், அதன்மேல் ஏறிப் பறக்கிறாள். முதல் பாகம் முடிகிற இடத்தில், அவளுடைய ஊரை எரித்ததே அதன் தாய்தான் என்று தெரிகிறது. அத்தோடு திரை இருண்டுவிட்டது. நான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என் மனைவி மட்டும், "அடுத்ததப் போடுங்க" என்றாள்.

பக்கத்துப் படுக்கையில் ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். மகன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நாங்கள் ஆடுவதை முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கேட்டுவிட்டார்.

"ஏஞ்சாமி, அந்த றெக்க மொளச்ச பாம்பு என்னதான் பண்ணுது?"

அன்றிலிருந்து திரையில் வரும் ஆங்கிலத்தை இவள் படித்துப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னாள். இரண்டாம் பாகத்தில் முடியாத பனிக்காலம் வருகிறது. ஊர்மக்கள் குளிரில் சாகாமல் இருப்பது டிராகனின் நெருப்பால்தான். அதற்கு இரை வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வைத்து ஆட்டைக் கொடுக்கிறார்கள், மாட்டைக் கொடுக்கிறார்கள். அவை தீர்ந்ததும் ஊர் கூடிப் பேசுகிறது. அதற்குமேல் நான் கேட்க விரும்பவில்லை. டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"கெழவிகளக் குடுத்துட்டானுங்க" என்று என்னிடம் சொன்னார். "ஆகாத பயலுக."

அன்று இரவே மச்சினனுக்குப் போன் செய்து, வேறு நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னேன். தோட்டம் போட்டு, கோழி வளர்க்கிற விளையாட்டு வந்தது. ஒரே ஒரு மதியம் ஆடினாள்.

"இதுல யாருக்கும் ஒண்ணுமே ஆவலைங்களே" என்றாள்.

"கோழியும் மாடும் எங்கூட்டுலயே கெடக்குது சாமி" என்றார் பெரியவர். "நீ பாம்பப் போடு."

மூன்றாம் பாகத்தில் டிராகன் கிழடாகிவிட்டது. நெருப்பு வருவதில்லை. மற்ற டிராகன்களின் முட்டைகளை உடைத்து மருந்தாக ஊட்டினால்தான் மறுநாள் கொஞ்சம் நெருப்பு வரும். ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் அது கதறும். அந்தப் பெண் நிறுத்தமாட்டாள். ஒரு நாள் அது வாயைத் திறந்து, "போதும், என்னை விட்டுவிடு" என்கிறது. இப்போது நாம்தான் தீர்மானிக்க வேண்டும். நேரே நடந்தால் அதன் கழுத்துக்குப் பக்கத்தில் போகலாம். பெண்ணின் கையில் வாள் இருக்கிறது. பின்னால் நடந்தால் முட்டைகள் இருக்கும் நிலவறை.

"முன்னால போங்க" என்றாள்.

நான் போகவில்லை. கட்டைவிரலைப் பின்னால் இழுத்தேன். பெண் திரும்பி நிலவறைப் பக்கம் நடந்தாள்.

"முன்னால போங்கன்னேன்."

"வேண்டாம் புள்ள."

அதற்குள் அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் வந்து ஏதோ திருகினாள், நான் காலை நீவிவிட்டேன். பெட்டியை அணைத்துப் பையில் வைத்தேன். கிளம்பும்போது பெரியவர், "நாளானைக்கு வாரேன் சாமி, முடிச்சுப்போடு" என்று மட்டும் இவளிடம் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சாய்ந்திருந்தவள், மல்லூர் தாண்டிய பிறகு பேசினாள்.

"எனக்கு உசுரு மேல ஆசை வுட்டுப்போச்சுன்னு நெனச்சீங்களா?"

நான் ஆமாம் என்றேன்.

"எனக்கு அந்தக் கதை எப்படி முடியுதுன்னு பாக்கணும். அவ்வளவுதானுங்க. பாக்க வாரவங்க எல்லாரும் செரியாயிரும் செரியாயிரும்னுட்டுப் போறாங்க. கேட்டுக் கேட்டு அலுப்பா இருக்குது. அது ஒண்ணுதான் அப்படிச் சொல்றதில்ல."

நானும் அந்த 'எல்லாரும்' கூட்டத்தில் ஒருவன்தான் என்று தோன்றியது. ராசிபுரம் வரும்வரை அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை போனபோது பக்கத்துப் படுக்கையில் விரிப்பு மாற்றிச் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். நர்ஸிடம் கேட்டேன். "ஊட்டுலயே, தூக்கத்துலயே போயிட்டாருங்களாம்" என்றாள். என் மனைவி அந்தப் படுக்கையைப் பார்த்தாள். ஊசி ஏற்றி முடித்ததும், "எடுங்க" என்றாள்.

எடுத்தேன். இந்த முறை நேரே நடந்தேன். அவள் பொத்தானை அழுத்தினாள். டிராகன் சத்தமில்லாமல் தலையைக் கீழே வைத்தது. ஊரில் யாரும் நன்றி சொல்லவில்லை. பெண் கதவு கதவாகப் போய் நின்றாள், ஒரு கதவும் திறக்கவில்லை. அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஊரைவிட்டுப் பனிக்குள் அவளை நடத்திக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது, நடத்திக்கொண்டே இருந்தேன். திரை முழுக்க வெள்ளையாகி, விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின.

"செரியாத்தான் முடிச்சிருக்காங்க" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் விரல் வலித்தது.

சில நாள் கழித்துப் பெரியவரின் மகன் ஏதோ கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், எங்களைத் தேடிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். மொட்டை அடித்திருந்தார்.

"நீங்கதானுங்களா பாம்புக் கதை சொல்ற அக்கா? ஊட்டுக்கு வந்ததும் எங்கம்மாவ உக்கார வெச்சு அன்னன்னைக்குக் கேட்டதச் சொல்லிருவாருங்க. அம்மாவுக்கு நடக்க முடியாது, ஊட்டோட இருக்குது. கடைசில பாம்பு பொழச்சு, மலைக்கு அந்தாண்ட பறந்து போயிருச்சுன்னு சொன்னாராம். நெசமாலுமே அப்படித்தானான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொல்லுச்சுங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். எல்லாம் நல்லபடி முடியும் என்கிற இந்தப் பேச்சைத்தானே அவள் அலுப்பு என்றாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஆமாங்க" என்றாள். "அப்படித்தானுங்க. அவரு சொன்னதுதான்."

அவர் தலையாட்டினார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அந்தம்மா கேட்டது கதையவாங்க? அவரப் பத்தித்தானுங்களே" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் படுக்கைக்கு இப்போது ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த தனக்கு இங்கேயாவது கொஞ்சம் அமைதி வேண்டும் என்று, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். நியாயம்தான். முதல் பாகத்திலிருந்து மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறோம், சத்தமே இல்லாமல். இப்போதெல்லாம் நான் அவ்வளவாகச் சுவரில் முட்டுவதில்லை.