கதவில்லாத விண்கலம்

முட்டாள்தனத்தில் பல தரம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் நான் செய்தது முதல் தரம். மாப்பிள்ளை அழைப்புக்குக் காரில் போகாமல் விண்கலத்தில் போனேன்.

விதை எப்போதோ விழுந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் எங்கள் தெருக் கோயில் கொடைக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் ஒன்று போட்டார்கள். பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. அதில் வந்த விண்கப்பல் மட்டும் விளங்கியது. கூர்மூக்கு, வட்ட ஜன்னல், வாலில் மூன்று துடுப்பு. அதைத் தொங்கவிட்ட நூல்கூடத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டோம். மழைக்காக மட்டும் வானத்தைப் பார்த்துப் பழகிய கரிசல்காட்டில், அண்ணாந்து பார்க்க இன்னொரு காரணம் கிடைத்தது. அடுத்த கொடைக்கு சீரியல் லைட்டில் அதே ராக்கெட். சைக்கிள் கடை போர்டிலும் ஐஸ் பெட்டியிலும் அதே துடுப்பு. நிஜ ராக்கெட் பேப்பரில் வந்தபோது, “என்னலே, லைட் கம்பம் மாதிரில்லா இருக்கு” என்று ஏமாந்துபோனோம்.

என் கல்யாணத்துக்கு மினி லாரியில் பிளைவுட் அடித்து, வெள்ளித்தாள் ஒட்டினோம். கதவு வைக்கவா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். படத்தில் கதவின் கோடே தெரியாது; சுவர் தானாகத் திறக்கும், வீரன் இறங்குவான். எனவே ஒரு பலகையை மட்டும் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் விழும்படி செய்து, என்னை உட்காரவைத்து மூடினார்கள்.

மண்டப வாசலில் இழுத்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது. எல்லாம் ஒரே வெள்ளித்தாள். எது அந்தப் பலகை என்று வெளியே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

பெண்ணின் தம்பி ஜன்னலில் எட்டிப்பார்த்தான். “அத்தான், உள்ளயா இருக்கீங்க?”

“வேற எங்கன இருப்பேன்?”

பரிதாபப்பட்டு ஒரு கடம்பூர் போளியை நீட்டினான். அவனுக்குப் பின்னால் மாமனார் குரல் கேட்டது: “இந்தக் கிறுக்கனுக்கா பிள்ளையக் குடுக்கணும்? இப்பவே பேசி முறிச்சிருவோம்.”

பாதிப் போளி கையிலேயே இருந்தது. வேர்வை புதுச்சட்டையை நனைத்துவிட்டது. படத்தில் அந்த வீரன் உள்ளே எப்படி உட்கார்ந்திருந்தான் என்று யாருமே காட்டவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. ஊரெல்லாம் அந்தக் கப்பலை வரைந்தது, ஜோடித்தது, அதோடு விட்டது. அதற்குள் போய் உட்காரலாம் என்று நம்பியவன் நான் ஒருவன்தான்.

ஜன்னலில் இன்னொரு முகம் வந்தது. கல்யாணப் பெண். என்னையும் கையிலிருந்த பாதிப் போளியையும் பார்த்தாள். திரும்பி, “ஆணியப் பிடுங்கி ஆள வெளிய எடுங்கப்பா. கட்டிக்கிடப் போறது நான்தான்” என்றாள்.

பிடுங்கினார்கள். கல்யாணமும் நடந்தது.

சில வருடம் கழித்து டிவியில் ஆள் ஏறிப் போகும் ராக்கெட்டைக் காட்டினார்கள். கூர்மூக்கு இருந்தது, வட்ட ஜன்னலும் துடுப்பும் எங்கே தேடியும் காணோம்.

“நம்ம ராக்கெட்டுதான் லட்சணம். என்ன சொல்லுத?” என்றேன் மனைவியிடம்.

அவள் டிவியைக் காட்டினாள். “அதுல கதவு இருக்குல்லா.”