லோகாம்பாளின் ‘மை’

தர்மனுக்கு நாங்கள் முப்பதாயிரம் ரூபாய் கடன் பட்டிருந்தோம். பட்டு நூலும் ஜரிகையும் எடுக்க வாங்கியது. சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். யாரும் தூக்கிவிடாமல் சின்ன காஞ்சிபுரத்தில் சொந்தத் தறி போட்டேன், மாடி வீடு கட்டினேன், மகனைப் படிக்க வைத்தேன். மாணிக்கவேல் வீடு எது என்று கேட்டால் எங்கள் தெரு நாய்கூட வழி காட்டும். அப்பேர்ப்பட்ட நான் எழுத உட்கார்ந்தது என் மனைவி லோகாம்பாளைப் பற்றி.

அவள் கூரம் கிராமத்துக்காரி. வயல்காட்டிலிருந்து வந்தவள் தறியைக் கிட்டத்தில் பார்த்ததே என் வீட்டில்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்த்து நெய்கிற புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் நான், ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுகிறவள் அவள். இரண்டு நிறமும் சேருகிற இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டாது. அப்படிப்பட்ட கை.

தர்மன் தரகன். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் ஏற்றித் தறி காட்டக் கூட்டி வருவான். எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு, “மை லூம், மை வீவர்ஸ், மை சாரீஸ்” என்று இங்கிலீஷில் பொளந்து கட்டுவான். ஏதோ நம்மைப் புகழ்கிறான் என்று நாங்களும் கும்பிட்டுச் சிரித்துத் தலையாட்டுவோம். பணம் அவன் கைக்குப் போகும். வட்டி போக மிச்சம் எங்களுக்கு வரும். அசல் அசையாமல் நிற்கும்.

ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருக்கும் கொரியாக்காரர் ஒருவரின் மனைவியை அழைத்து வந்தான். தறியில் இருந்த கிளிப்பச்சைப் புடவை அந்தம்மாவுக்குப் பிடித்துப்போனது. முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர்கள் போனதும் என் மருமகள் சத்யப்ரியா உள்ளேயிருந்து வந்தாள். அன்று அவளுக்கு லீவு.

“மாமா, அந்த ஆளு இன்னா சொல்லிக்கினு போறான், தெரியுமா?”

“இன்னாமா?”

“தறி என்னுது, நெய்றவங்க என் ஆளுங்க, புடவை என்னுதுன்றான். நீங்க ரெண்டு பேரும் தலைய வேற ஆட்டுறீங்க. அம்பதாயிரம் பேசிக்கிறான். உங்களுக்கு எவ்ளோ சொன்னான்?”

“முப்பத்திரண்டு.”

லோகாம்பாள் இடுப்பில் கை வைத்தாள். “மைன்னா அதானா? நான் கண்ணுக்கு வெக்கிறதுன்னு இருந்துட்டேன்.”

இந்தப் புடவையும் அவன் கை வழியாகப் போனால் கடன் எந்தக் காலத்திலும் தீராது. எனவே அந்தம்மாவிடம் நானே சொல்லிவிட அன்றைக்கே அந்த வார்த்தையைப் பழக ஆரம்பித்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுலபமாக வரவில்லை. எங்கள் தெருவில் யாரும் ‘என்’ என்று சொல்வதில்லை. நம்ம தறி, நம்ம வீடு. பக்கத்து வீட்டுக் குழாய்கூட நம்ம குழாய்தான். வாய் கூசியது. மிதியில் காலை வைத்துக்கொண்டு, “மை லூம்” என்றேன்.

ஓரத்திலிருந்து குரல் வந்தது. “யாரோட லூம்?”

“என்னுது.”

“அப்ப கரைய யாரு போடுவா? உங்க தாத்தாவா?”

நாடாவைக் கீழே வைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள். தறி நின்றது. மூன்று வேளை சாப்பாடு இல்லாவிட்டாலும் எனக்குத் தறி ஓட வேண்டும்.

“சரிமே, உனக்கும் மை” என்றேன். சிரித்துக்கொண்டே நாடாவைத் தள்ளினாள். அப்புறம் நான் தள்ளும்போது நான் ஒரு மை, அவள் தள்ளும்போது அவள் ஒரு மை. புடவை முடியும் மட்டும் வீட்டில் இதே சத்தம்.

புடவை முடிந்து மடித்து வைத்த அன்று தர்மன் அந்தம்மாவோடு வந்தான். வாசலிலேயே தொடங்கிவிட்டான். “மேடம், மை லூம், மை வீவர்ஸ்...”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். கவுன்சிலர் முன்னாலேயே மேடையேறிப் பேசியவன் நான். என் வாய் திறப்பதற்குள் லோகாம்பாள் முன்னால் வந்து புடவைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

“நோ. மை சாரி.” தறியைக் காட்டினாள். “மை லூம்.” என்னைக் காட்டினாள். “மை ஹஸ்பண்ட்.”

அந்தம்மா தர்மனைப் பார்த்தார். அவன், “அண்ணி சும்மா தமாஷ் பண்றாங்க” என்று தமிழிலேயே உளறினான். லோகாம்பாள் போய்த் தறியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் என் இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த புடவைக்கான பாவு நூல் தறியில் ஏறியிருந்தது. நான்கு இழை ஓட்டிக் காட்டினோம். அந்தம்மாவுக்கு அதற்குமேல் இங்கிலீஷ் தேவைப்படவில்லை. தர்மன் பழக்கத்தில் கையை நீட்ட, அவர் அவனைத் தாண்டி வந்து ஐம்பதாயிரத்தையும் லோகாம்பாளிடம் கொடுத்துவிட்டுப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அண்ணே, தறியில என் காசு இருக்குது. மறந்துட்டீங்களா?” என்று என்னை முறைத்தான் தர்மன்.

“என்னைக் கேளு பா” என்றாள் லோகாம்பாள். “உன் காசு உன்னுது. அத எவன் வேணான்னான்? கைய நீட்டு.”

நீட்டினான். கூரத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள். அவளும் அப்படியே, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்து உரக்க எண்ணினாள்: “லாபம், ரெண்டு, மூணு...”