களஞ்சியத்தில் தங்கிவிட்ட குரல்

1964 நவம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாக இளைத்திருந்தது, செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள் வௌவால் எச்சமும் காய்ச்சிய பால்பவுடரும் கலந்த வாடை. ஐந்து வயதுப் பையனுக்குத் தேதி எப்படி நினைவிருக்கும் என்று கேட்பீர்கள். தேதியையும் கிழமையையும் நாங்கள் உரக்கச் சொன்ன பிறகுதான் டீச்சர் பால் ஊற்றுவார்.

ஏரி உடைந்து குடிசைகள் போய்விட்டதால் ஆறு குடும்பங்கள் அந்தக் களஞ்சியத்தில் படுத்திருந்தோம். பெரியவர்கள் கல் உடைக்கப் போய்விட்டால் பள்ளிக்கூட வயது வராத பதினோரு பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. தொண்டூர் ஜைனக் குடும்பத்துப் பெண்ணான டீச்சர் பஸ் ஏறி வந்து அங்கேயே பாலர் வகுப்பு நடத்தினார். பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும் என்று மூன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடுவார்.

"வூடே இல்ல, இதுங்களுக்குப் படிப்பு ஒரு கேடா?" என்பார் நைனா, என் அப்பா.

"கூலிய எண்ணி வாங்க வேணாமாண்ணே?" என்பார் டீச்சர்.

என் தங்கை வள்ளிக்கு மூன்றரை வயது. குடிசை விழுந்த இரவிலிருந்து அவள் பேசவில்லை. வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது. வரிசையாக நின்று நாங்கள் எண் சொல்லும்போது, கடைசியில் நிற்கும் அவளுக்காக டீச்சரே "பதினொண்ணு" என்பார். வளைந்த கூரை ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லும்.

அன்று நான் பத்து என்றேன். கூரையும் பத்து என்றது. டீச்சர் வாயெடுக்கும் முன்பே உள்சுவரின் இருட்டிலிருந்து "பதினொண்ணு" என்று வந்தது. வள்ளியின் குரல். அவளோ உதட்டை இறுக மூடியபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அம்மா டீச்சரின் வழியை மறித்தாள். "என் கொயந்த வாய இந்தக் கோட்ட புடிச்சி வச்சிக்கிச்சி. அவள இனிமே வகுப்புல வுட மாட்டேன் டீச்சரம்மா."

"எங்க போச்சின்னு தெரியாமதானக்கா அயுதீங்க? இப்ப எடம் தெரிஞ்சிபோச்சி. நாமதான் கிட்ட போவணும்."

அதன்பின் வகுப்பு உள்சுவரைப் பார்த்தே நடந்தது. வள்ளி சுவரில் உள்ளங்கையை வைத்து உட்காருவாள். சில வாரங்களில் அவள் உதடும் அசைந்தது. ஆனால் முதலில் சுவர் பேசும், பிறகுதான் உதடு. எதிரொலி முந்திக்கொண்டு வருமா என்று இன்றும் கணக்குப் போடுகிறேன், விடை வரவில்லை. பொங்கலுக்குள், "என் பால நீ குட்சிட்ட!" என்று என்னோடு சண்டையே போட்டாள். களஞ்சியத்தின் வாசலைத் தாண்டினால் மட்டும் ஊமை.

தை மாதம் ஊருக்கு வெளியே எங்களுக்கு மனை கொடுத்தார்கள். வீடு வீடு என்று அழுத அம்மாவே இப்போது வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"வூடு வேணாம். கொயந்த பேசுற எடம் போதும்."

"வௌவாலோட எத்தினி நாளைக்குக் குடித்தனம் பண்ணுவ? எய்ந்திரு" என்றார் நைனா, பாயைச் சுருட்டியபடி.

டீச்சர் வள்ளியை இடுப்பில் தூக்கி, "எண்ணிக்கினே வா கண்ணு, நிறுத்தாத" என்று நடந்தார். எண்ணினாள். வாசலைத் தாண்டியும் உதடு நிற்கவில்லை, குரல் மட்டும் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, நடக்க நடக்கச் சிறுத்தது, பிறகு இல்லை.

புது மனையில் வேப்பமரத்தடியில் டீச்சர் வகுப்பைத் தொடர்ந்தார். எங்களில் முதலில் எழுதக் கற்றவள் வள்ளிதான். பேச்சு மட்டும் இல்லை, இன்றுவரை.

டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த ஏரியும் மனைகளாகிவிட்டது. களஞ்சியத்துக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். போன மாதம் வள்ளியைக் கூட்டிப்போனேன். கம்பியில் காது வைத்து அரைமணி நேரம் நின்றாள், சிரித்தாள். நானும் காது வைத்தேன், வௌவால் சத்தம்தான். என் உள்ளங்கையை விரித்து விரலால் எழுதினாள்: "அதுக்கு வயசே ஆகல."

நாங்கள் குடியிருந்த இடத்தை வெளியிலிருந்து பார்க்க, இரண்டு டிக்கெட், ஐம்பது ரூபாய்.